ஆகாயத்தில் ஒரு பங்கு

வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தை வரிக்கு வரி படித்துப் பார்க்கிறார்கள். நாலு எல்லை, சதுர அடிக் கணக்கு, நடைபாதை பாத்தியம் எல்லாவற்றையும் வக்கீல் விரல் வைத்துக் காட்டுகிறார். அடுக்கு மாடி வீடாக இருந்தால் ‘பிரிக்கப்படாத பங்கு’ என்று ஒன்று வருகிறது. காலுக்குக் கீழே எங்கேயோ இருக்கும் மண்ணில் நமக்கும் கொஞ்சம் சொந்தம் என்று அர்த்தம். தலைக்கு மேலே இருக்கும் ஆகாயத்தில் பங்கு உண்டா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆகாயம் எதற்கு உபயோகம்? வடாம் காய வைக்கலாம், நிலாப் பார்க்கலாம். அதற்கெல்லாம் பத்திரம் எதற்கு?

ஆகாயம் அவசியமாகத் தேவைப்படுகிற ஒரு மனிதர் எங்கள் குடியிருப்பில், மூன்றாம் மாடியில் இருக்கிறார். தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் மோர்ஸ் சங்கேதத்தில் தந்தி அடித்த விரல்கள் அவருடையவை. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவையையே நிறுத்திவிட்டார்கள். தந்தி போன பிறகும் விரல் சும்மா இருக்கவில்லை. இப்போதும் எதையாவது யோசிக்கும்போது நாற்காலிக் கையில் ‘டக் டடக்’ என்று தட்டிக் கொண்டிருப்பார்.

அவர் ஓர் அமெச்சூர் வானொலிக்காரர். ‘ஹாம்’ என்று உலகம் முழுவதும் இவர்களை அழைக்கிறார்கள். பரீட்சை எழுதி, சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி, தமக்கென்று ஓர் அழைப்புக்குறி பெற்று, சொந்த வானொலி நிலையம் வைத்துக் கொள்கிறவர்கள். இந்தியர்களின் அழைப்புக்குறி ‘வி.யு.’ என்று ஆரம்பிக்கும். பாட்டுப் போடக் கூடாது. வியாபாரம் பேசக் கூடாது. காசு வாங்கக் கூடாது. பின் என்னதான் செய்யலாம் என்கிறீர்களா? ஆகாயத்தைப் பார்த்து, “யாராவது இருக்கிறீர்களா?” என்று கூப்பிடலாம். பதில் வந்தால் பேசலாம்.

இதற்கு வேண்டியது ஒரு பெட்டியும் ஒரு கம்பியும். பெட்டி மேஜை மேல் அடங்கிவிடும். கம்பிதான் அடங்காது.

ஏன் என்றால் அது ஒரு கணக்கு. 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வந்துவிடும். ஏரியல் கம்பி அந்த நீளத்தில் ஏறக்குறையப் பாதி இருந்தால் நன்றாக வேலை செய்யும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அலை 40 மீட்டருக்குச் சற்று மேல். கம்பி 66 அடி. மூன்றரை மெகாஹெர்ட்ஸுக்குக் கம்பி 130 அடி. அதற்கும் கீழே 160 மீட்டர் அலை என்று ஒன்று இருக்கிறது. அதற்கு 250 அடிக்கு மேல் வேண்டும். 1901 டிசம்பரில் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி வந்த சமிக்ஞையைக் கேட்பதற்கு, மார்க்கோனி நியூபவுண்ட்லாந்துக் குன்றின் மேலிருந்து பட்டம் பறக்கவிட்டு, அதில் சுமார் 500 அடிக் கம்பியைத் தொங்கவிட்டார். மார்க்கோனிக்கு ‘அசோசியேஷன்’ கிடையாது.

நம் நண்பருக்கும் ஒரு காலத்தில் கிடையாது. கும்பகோணத்தில் பழைய காலத்து வீடு. வாசல் வேப்பமரத்திலிருந்து கொல்லைத் தென்னை வரையில் தாராளமாக 130 அடி. காலை ஏழு மணிக்கு அந்தக் கம்பியின் மூலம் அவர் திருநெல்வேலியில் உள்ள ஒரு சிநேகிதரோடு பேசுவார். அந்தச் சிநேகிதருக்கு இளமையிலேயே கண் பார்வை போய்விட்டது. முப்பது வருஷ காலம் இருவரும் காலை ஏழு மணியைத் தவறவிட்டதில்லை. நேரில் சந்தித்தது இரண்டே தடவை.

மனைவி காலமான பிறகு வீட்டை விற்றுவிட்டு 2014-ல் மகனோடு சென்னைக்கு வந்தார். மகன் வாங்கியிருந்தது எங்கள் குடியிருப்பில் ஒரு வீடு. மொட்டை மாடி 50 அடி நீளம், 35 அடி அகலம். அசோசியேஷனில் ஏற்கனவே ஒரு தீர்மானம் இருந்தது: ‘மொட்டை மாடியில் தனிப்பட்டவர்கள் கம்பமோ கம்பியோ கட்டக் கூடாது.’ அதே மொட்டை மாடியில் டெலிவிஷன் டிஷ்கள் வரிசையாக நின்றன. கேபிள்காரர்களின் வயர்கள் சடை சடையாகத் தொங்கின. அவற்றைப் பற்றித் தீர்மானம் எதுவும் இல்லை. எல்லார் வீட்டிலும் இருக்கிற அவலட்சணம் கண்ணுக்குத் தெரியாது போலும்.

“ஏன் சார், டெலிபோன்தான் இருக்கிறதே, திருநெல்வேலிக்குப் பேசுவதற்கு?” என்று நான் கேட்டேன்.

“டெலிபோனில் பேசக் காரணம் வேண்டும் சார். ‘என்ன விசேஷம்?’ என்றுதானே ஆரம்பிக்கிறோம்? எங்களுக்குள் விசேஷமே கிடையாது. ஏழு மணிக்கு அவர் அங்கே இருக்கிறார், நான் இங்கே இருக்கிறேன். அவ்வளவுதான் சமாசாரம்” என்றார்.

எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு அவர் கம்பியை ஒளித்துக் கட்டும் வித்தையில் இறங்கினார். உலகம் முழுவதும் இதற்கென்றே ஒரு சாஸ்திரம் வளர்ந்திருக்கிறது என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் பல குடியிருப்புகளில் வீடு வாங்கும்போதே ‘ஏரியல் கட்டமாட்டேன்’ என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். முனிசிபாலிடிகள் அமெச்சூர்களுக்கு நியாயமான இடம் கொடுத்தாக வேண்டும் என்று அந்த நாட்டுத் தகவல் தொடர்பு கமிஷன் 1985-ல் உத்தரவு போட்டது. ஆனால் அது தனியார் ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே அங்குள்ளவர்கள் ஓட்டுக் கூரைக்கு அடியில், பரணில் கம்பியை மடித்து வைக்கிறார்கள். மழைத் தண்ணீர் வடியும் தகரத் தாழ்வாரத்தையே ஏரியலாக்கிவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் சாமர்த்தியமானது கொடிக் கம்பம். வீட்டுக்காரர் தேசக் கொடி பறக்கவிடுவதை எந்தச் சங்கமும் தடுக்கக் கூடாது என்று 2006-ல் அங்கே சட்டம் வந்துவிட்டது. மேலே கொடி பறக்கிறது; கம்பம் உலகத்தோடு பேசுகிறது. தேசபக்தியைக் குறை சொல்ல எந்தச் செயலாளருக்குத் தைரியம் வரும்?

நண்பர் கொடிக் கம்பத்துக்குப் போகவில்லை. ரிச்சி தெருவுக்குப் போனார். மோட்டார் சுற்றுவதற்கு உபயோகிக்கும் எனாமல் செம்புக் கம்பி வாங்கினார். அரை மில்லிமீட்டர் கூடக் கனம் இல்லை. இரண்டு முனையிலும் கட்டுவதற்குத் தூண்டில் நரம்பு. பத்தடி தள்ளி நின்றால் கம்பி ஆகாயத்தோடு ஆகாயமாகிவிடுகிறது.

66 அடிக் கம்பி 50 அடி மாடியில் எப்படி அடங்கும்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. கம்பியின் நடுப்பாகத்தில்தான் மின்னோட்டம் அதிகம். அலையை வெளியே அனுப்பும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. நுனிகளில் ஓட்டம் இல்லை; மின் அழுத்தம்தான் இருக்கிறது. ஆகையால் நடுப்பாகத்தை நேராகவும் உயரமாகவும் வைத்துக் கொண்டு, இரண்டு நுனியையும் எட்டெட்டு அடி மடித்துத் தொங்கவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை. நுனியில் குழந்தைகள் கை படாமல் மட்டும் பார்த்துக் கொள்ள வேண்டும். வேலையெல்லாம் நடுவில், அழுத்தமெல்லாம் நுனியில் என்று கேட்டதும் எனக்குச் சில ஆபீஸ்கள் நினைவுக்கு வந்தன.

தண்ணீர்த் தொட்டி மூலையிலிருந்து மாடிப்படி அறையின் தலை வரையில் கம்பி ஏறியது. அதிலிருந்து வீட்டுக்குப் போகிற வயர், கேபிள்காரர்களின் சடைக்குள் கலந்து கீழே இறங்கிவிட்டது. மனிதர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. காக்கைகள் மறுநாளே கண்டுபிடித்துவிட்டன. இரண்டாம் மாடிச் சிறுமி ஒருத்தி, “தாத்தா, வானத்துல யாரோ கோடு போட்டிருக்காங்க” என்று அவரிடமே வந்து சொன்னாள். பெரியவர்கள் யாரும் அண்ணாந்து பார்க்கிற வழக்கம் இல்லாததால் ரகசியம் பிழைத்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலி பதில் சொன்னது. அன்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, கேட்காமலே காபி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கம்பிக்கு இடம் கிடைத்தாலும் காதுக்கு நிம்மதி கிடைக்கவில்லை. எல்.இ.டி. விளக்குகள், டெலிபோன் சார்ஜர்கள், லிப்ட் எல்லாம் அந்தக் கீழ் அலைவரிசைகளில் இரைச்சலைக் கொட்டுகின்றன. அறுபது குடும்பங்களின் சார்ஜர்கள் ஒன்றாகச் சேர்ந்து கொல்லன் பட்டறை மாதிரி இரையும் போது, 600 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு மனிதக் குரலைப் பொறுக்கி எடுக்க வேண்டும். நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லர் என்ற விஞ்ஞானியும் இன்னொருவரும் சேர்ந்து, இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் சமிக்ஞையையும் கம்ப்யூட்டர் தோண்டி எடுக்கும் முறை ஒன்றை 2017-ல் கொண்டுவந்தார்கள். சின்ன ஏரியல்காரர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். நண்பருக்கு அது ருசிக்கவில்லை. “கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கின்றன. அவற்றுக்கு நடுவில் நாம் எதற்கு?” என்பார்.

இந்த ஒளிவு மறைவு எனக்கு முதலில் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கமிட்டியைக் கேட்டுவிடலாமே என்றேன். “கேட்டால் கூடாது என்பார்கள், கட்டினால் கவனிக்கமாட்டார்கள்” என்றார். அதிலும் உண்மை இருக்கிறது.

1942-ல் பம்பாயில் நடந்த காங்கிரஸ் ரேடியோவைப் பற்றி நான் அவரிடம் சொன்னேன். யுத்தம் வந்ததும் அமெச்சூர்கள் தங்கள் கருவிகளைப் போலீசில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று வெள்ளைக்கார சர்க்கார் உத்தரவு போட்டிருந்த காலம் அது. தலைவர்கள் எல்லாரும் சிறையில். இருபத்திரண்டு வயது உஷா மேத்தாவும் தோழர்களும் ரகசிய நிலையம் ஒன்றை வீடு வீடாக மாற்றிக்கொண்டு நடத்தினார்கள். சுமார் 42 மீட்டர் அலை. ஆகஸ்டு மாதம் தொடங்கிய குரல் நவம்பர் 12 வரையில் ஒலித்தது. அன்று போலீஸ் கதவை உடைத்துக் கொண்டு உள்ளே வந்தது. கம்பியை ஒளிக்கலாம், அலையை ஒளிக்க முடியாது. அது எங்கிருந்து வருகிறது என்று மோப்பம் பிடிக்கும் கருவிகள் அப்போதே உண்டு. உஷா மேத்தாவுக்கு நாலு வருஷம் சிறைத் தண்டனை.

நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “அவர்கள் சர்க்காருக்குத் தெரியாமல் பேசினார்கள், உலகத்துக்குத் தெரியப் பேசினார்கள். நான் பேசுவது சர்க்காருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் என் அழைப்புக்குறியைச் சொல்லித்தான் பேசுகிறேன். உலகத்துக்கே தெரியும். நம் செயலாளர் ஒருவருக்குத்தான் தெரியாது.”

அந்தச் செயலாளருக்கும் தெரிகிற நாள் வந்தது. 2015 டிசம்பர் முதல் தேதி சென்னையில் கொட்டிய மழையை இங்கே வர்ணிக்க வேண்டியதில்லை. மின்சாரம் போயிற்று, கைபேசிகள் ஊமையாயின. எங்கள் குடியிருப்பின் கீழ்த் தளத்தில் இடுப்பளவு தண்ணீர். துபாயிலும் டெல்லியிலும் இருக்கிற பிள்ளைகள் என்ன நினைத்துக் கொண்டிருப்பார்களோ என்று பெற்றோர்கள் தவித்தார்கள். நண்பர் ஒரு கார் பாட்டரியை மூன்றாம் மாடிக்கு ஏற்றிக் கொண்டு போனார். இரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் திருநெல்வேலியைக் கூப்பிட்டார். விளக்குகளும் சார்ஜர்களும் செத்துக் கிடந்ததால் அப்படி ஒரு துல்லியத்தை அந்தக் கட்டிடத்தில் அவர் கேட்டதே இல்லையாம். ஒவ்வொரு வீடாகப் பெயரும் எண்ணும் சொன்னார். அங்கே கண் தெரியாத அந்த மனிதர் புள்ளி எழுத்தில் எல்லாவற்றையும் குறித்துக் கொண்டு, ஒவ்வொருவராக டெலிபோனில் அழைத்து, “உங்கள் அப்பா சௌக்கியம், அம்மா சௌக்கியம்” என்று சொன்னார். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் அம்மையார் போர்ட் பிளேயரில் தம் ஏரியல்களோடு இருந்ததும், மற்ற வழிகள் அறுந்து கிடக்கையில் சேதிகளைக் கடத்தியதும் தேசம் அறிந்த கதை. எங்கள் கதை அதன் முன்னால் ஒரு துளி. துளியில் நனைந்தவர்களுக்கு அது போதும்.

வெள்ளம் வடிந்ததும் கமிட்டி கூடிற்று. நண்பருக்குப் பொன்னாடை போர்த்தி, குடியிருப்புச் செலவில் உயரமான இரும்புக் கம்பமே நட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு ஆச்சரியம். “வருகிற கம்பத்தை ஏன் விட்டீர்கள்?” என்று கேட்டேன்.

“உயரமான ஏரியல் அலையைத் தொடுவானத்தை நோக்கித் தள்ளும் சார். அது சமுத்திரம் தாண்டுவதற்கு நல்லது. தாழ்வான கம்பியிலிருந்து அலை நேரே மேலே போகும். மேலேயுள்ள அயனி மண்டலத்தில் பட்டு மழை மாதிரி சுற்றுவட்டாரத்தில் இறங்கும். மதுரை, பெங்களூர், திருநெல்வேலி எல்லாம் அந்த மழைக்குள்தான் இருக்கின்றன. எனக்கு ஜப்பான் எதற்கு?”

தூரத்தில் கேட்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டால், பக்கத்தில் கேட்பதற்குக் கொஞ்சம் இடமே போதும். இந்த உண்மை ஏரியலுக்கு மட்டும் சொந்தமா என்று அன்று இரவு யோசித்துக் கொண்டிருந்தேன். எழுதுகிறவனுக்கும் அது பொருந்தும் என்று பட்டது.

நன்றிக்கு ஆயுள் எவ்வளவு? ஒரு கமிட்டியின் ஆயுள். 2018-ல் புதிய கமிட்டி வந்தது. யாரோ வீட்டு டெலிவிஷனில் இரவு ஒன்பது மணிக்குக் கோடு விழுகிறது என்று புகார். பழைய தீர்மானத்தைப் புரட்டினார்கள். வெள்ளை அடிக்க வந்த ஆளிடம் சொல்லி ஒரு நாள் காலையில் கம்பியை அறுத்துவிட்டார்கள். நண்பர் மேலே போனபோது அது ஒரு மூலையில் முடி உதிர்ந்த மாதிரி சுருண்டு கிடந்தது.

அவர் சண்டை போடவில்லை. டெலிபோனில் திருநெல்வேலிக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார். மறுநாள் ஏழு மணிக்குப் பழக்க தோஷத்தால் பெட்டியைத் திருப்பினார். அறைக்குள் கிடந்த துண்டு வயரே கேட்பதற்குப் போதும். பதில் அனுப்பத்தான் போதாது. அங்கிருந்து குரல் வந்தது. அவருடைய அழைப்புக்குறியைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டது. “நீங்கள் கேட்டுக் கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கூப்பிட்டேன்” என்று சொல்லிவிட்டு நின்றது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

பதினோரு நாள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் அதைக் கேட்டேன். கூப்பிடுகிற குரலைக் கேட்டும் பதில் சொல்ல முடியாத மனிதனுடைய முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஏ.சி. மெக்கானிக்கிடம் செம்புக் குழாய் வாங்கி, ஒரு மீட்டர் குறுக்களவில் வளையமாக வளைத்து, பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். வளையத்தின் வாயில் ஒரு கண்டென்சர். அதைச் சரியான இடத்தில் திருப்பி வைத்தால் சின்ன வளையமும் அந்தப் பெரிய அலைக்கு இசைகிறது. ஆனால் இம்மி நகர்ந்தாலும் போச்சு. பத்து வாட் கொடுத்தாலே கண்டென்சரில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அத்தனைக்கும் பிறகு பத்தில் ஒரு பங்கு வெளியே போனாலே அதிகம். மீதி சூடாகிவிடும். ஒரு வாட்டில் பேச்சு எடுபடாது என்று தந்தி ‘கீ’யை எடுத்தார். முப்பது விநாடி தட்டினார். பிறகு இரைச்சலுக்கு நடுவில் மெல்லிய கீச்சுக் குரலில் புள்ளியும் கோடுமாகப் பதில் வந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்டேன். “‘காலை வணக்கம், இன்று கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறீர்கள்’ என்கிறார்” என்றார் நண்பர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டார்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அவர் தம்முடைய குறிப்பேட்டை எடுத்துக் கொண்டு வந்தார். தாம் ஒலிபரப்பும் ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம் எழுதி வைப்பது அவர் வழக்கம். புகார் சொன்ன இரவு ஒன்பது மணிக்கு அவர் ஒரு நாளும் பேசினதே இல்லை. கையில் ஒரு சிறிய ரேடியோவை எடுத்துக் கொண்டு வீடு வீடாக வருகிறேன், கோடு எங்கிருந்து விழுகிறது என்று நானே கண்டுபிடித்துத் தருகிறேன் என்றார். கண்டுபிடித்தும் தந்தார். புகார் செய்தவர் வீட்டுக் கூடத்திலேயே, தினம் ஒன்பது மணிக்கு ஏற்றும் புதிய அலங்கார விளக்கு அது. அந்த ஆசாமியை அவர் கேலி செய்யவில்லை. விளக்கின் வயரில் ஒரு பெரைட் வளையத்தை மாட்டி, கோட்டை நிறுத்திவிட்டு வந்தார்.

இப்போது அவரிடம் ஒரு கடிதம் இருக்கிறது. ஒரே ஒரு கம்பி, கண்ணுக்குத் தெரியாத கனத்தில், இடி மின்னல் சமயத்தில் கழற்றி வைக்கும் நிபந்தனையோடு கட்டிக்கொள்ளலாம் என்று செயலாளர் கையெழுத்துப் போட்டது. அனுமதி கிடைத்த பிறகும் அவர் அதே மெல்லிய கம்பியைத்தான் கட்டினார். யாருக்கும் தெரியாமல் இருப்பதற்காக அல்ல. யார் கண்ணையும் உறுத்தாமல் இருப்பதற்காக. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். முதலாவது பயம். இரண்டாவது மரியாதை.

வாசகர்களில் பலர் ஏதாவது ஒரு குடியிருப்பின் கமிட்டியில் இருப்பீர்கள். மொட்டை மாடிக்குப் போகும்போது ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே மெல்லிய கம்பி ஒன்று ஓடினால், கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால் அது யாருடையது என்று விசாரியுங்கள். அதன் அந்தப் பக்கத்து நுனியில், எங்கேயோ ஓர் ஊரில், ஒருவர் காலை ஏழு மணிக்குக் காத்துக் கொண்டிருக்கக் கூடும்.